ரைட் ஃபீல்டுக்கு ஒரு பாவி

"நமக்கு வேண்டியது இண்ணைக்குள்ள ஆட்டம் இல்ல ஷிஜி. லாங் டெர்ம் நோக்கணும். ரெண்டு பிள்ளையள்ல பாவி ஆருக்கு, அதாக்கும் கேள்வி."

"ரெண்டு பேருக்கும் பாவி உண்டு சாரே."

"உண்டு. கூடுதல் ஆருக்கு?"

காரோடு ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த லிஜா, தண்ணீர்ச் சத்தம் கேட்காதபடி குழாயைப் பாதி திருகிவிட்டுக் காதைக் கொடுத்தாள். மறுபக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசியவர்கள் மோகனன் சாரும் ஷிஜி அக்காவும். சார் பெண்களின் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளர். ஷிஜி அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அணியின் ரைட் ஃபீல்டில், மைதானத்தின் வலது கோடியில், நின்றவள். இப்போது தோளைத் தூக்கினால் முகம் சுளிக்கிறது. அந்த இடத்துக்கு அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். அதுவும் சும்மா ஆள் இல்லை. ஜில்லா அணி ஒன்றை இளம் பெண்களை மட்டும் வைத்துக் கட்டப் போகிறார்கள், ஐந்து வருடம் பிரிக்காமல் வைத்திருப்பார்களாம். சனிக்கிழமை சார் ஒரு பெயர் கொடுக்க வேண்டும்.

பாவி என்றால் மலையாளத்தில் எதிர்காலம். கேரள-தமிழ்நாட்டு எல்லை ஓரத்தில் பிறந்த லிஜாவுக்கு இரண்டு பாவிகளும் பழக்கம்தான். பள்ளிக்கூடத்தில் சொன்ன பாவி ஒன்று, சர்ச்சில் சொல்லும் பாவி மற்றொன்று. முதலாவதைச் சொல்லும்போது நெஞ்சிலிருந்து கொஞ்சம் காற்று கூடுதலாக வரும். வித்தியாசம் அவ்வளவுதான். அவள் அம்மா ஓமனாவின் வாயில் அந்தக் காற்றும் வராது.

"லிஜாக்க கைய பாத்தியளா சாரே? அந்த மரச்சீனித் தோட்டத்துக்க ஓரத்துல நிண்ணு எறிஞ்சான்னா, பந்து தரை தொடாம மூணாம் பேஸுக்கு வரும். எதிராளி ஒருத்தி ரெண்டாம் பேஸத் தாண்டி ஓடதுக்கு யோசிப்பா."

"கை கொள்ளாம். நான் இல்லன்னு சொல்லல்ல. அமிர்தாக்க கால நோக்கு. ஆராவது முதல் பேஸுக்குப் பந்த எறிஞ்சா, அவ ரைட் ஃபீல்டுல இருந்து ஓடி வந்து பொறத்தால நிக்குதா. தப்பினா பிடிக்கணுமே. பத்து தடவ ஓடினா ஒம்பது தடவ வெறுதே. பத்தாவதும் வெறுதே. பின்னயும் ஓடுதா."

"லிஜாவும் ஓடுவா."

"பந்து தப்பும்னு தோணினா ஓடுவா. தோணாட்டா நிப்பா. கையிக்கு வயசாவும் ஷிஜி, ஒனக்க தோள நோக்கு. அந்த ஓட்டம் ஒரு சீலமாக்கும், அதுக்கு வயசாவாது."

லிஜாவுக்கு எரிச்சல் வந்தது. சார் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாக வந்தது.

"எட்டீ லிஜா," ஷிஜி அக்கா திரும்பாமலே கூப்பிட்டாள், "குழாய அடைச்சிட்டு இஞ்ச வா. கேட்டுட்டுதானே நிக்க."

லிஜா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"சார் முன்னால கேக்கேன். அஞ்சு வருசம். நீ இங்க உண்டா?"

"உண்டு அக்கா."

"ஆஸ்பத்திரி வேல?"

"நெய்யாற்றின்கரையிலதானே."

"வெளிய போற எண்ணம் ஒண்ணும் இல்லியே? நர்ஸ் படிச்ச பிள்ள, அதுனால கேக்கேன். இங்க நர்ஸ் படிச்ச ஒருத்தியும் தங்கினதில்ல."

"இல்ல அக்கா."

தோளில் தொங்கிய பைக்குள் கையுறைக்கு அடியில் ஜெர்மன் இலக்கணப் புத்தகம் கிடந்தது. அதன் முனை முதுகில் குத்தியது. லிஜா பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஜெர்மன் பரீட்சை பாஸாகிவிட்டது. ஆஸ்பத்திரி ஒன்று நேர்காணல் நடத்தி, வரச்சொல்லி எழுதியும் விட்டது. இனி விசா. அது எப்போது வரும், வருமா, ஒருவருக்கும் தெரியாது. ஒற்றசேகரமங்கலத்தில் ஒருத்தி பெட்டி கட்டி வைத்து இரண்டு ஓணம் போயிற்று. தெரியாத ஊருக்கு வராத விசாவை நம்பி, தெரிந்த ரைட் ஃபீல்டை எப்படி விடுவது? ஜில்லா ஜெர்சியை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து லிஜாவுக்கு அந்த ஆசை உண்டு. அதற்கு வேண்டித்தான் அந்த "இல்ல."

வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். "அம்மா, விசா வாற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியப்பிடாது."

"கர்த்தருக்கிட்ட சொல்லலாமா?"

"கர்த்தருக்கிட்ட மெதுவா சொல்லு."

ஓமனா எதையும் மெதுவாகச் சொல்லிப் பழகாதவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முறை அவர்களுடையது. போதகர் ஊரில் இல்லாததால் நாசரேத் பக்கத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த உபதேசியார் நடத்தினார். நல்ல மனிதர், நல்ல குரல். மலையாளம் ஒரு சொல் தெரியாது. பாயில் பெண்கள், நாற்காலியில் ஆண்கள். ஷிஜி அக்காவும் அதே சபைதான், முன்வரிசையில் இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் கேட்டார். "விசேஷித்த ஜெப விண்ணப்பம் யாருக்காவது உண்டா?"

விஜயம்மா மூட்டுவலிக்குக் கேட்டாள். ஒருவர் மகனின் ரப்பர் தோட்டத்துக்குக் கேட்டார். பிறகு ஓமனா தொண்டையைக் கனைத்தாள்.

"எனக்க மொவ லிஜாக்க பாவிக்கு வேண்டி ஜெபிக்கணும்," என்றாள் ஓமனா. சொல்லும்போதே கண் கலங்கியது. மகள் அவ்வளவு தூரம் போகப் போகிறாளே என்ற நினைப்பு.

அவ்வளவுதான், போயிற்று என்று லிஜா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாவி என்றால் வேலை, வேலை என்றால் வெளிநாடு. ஷிஜி அக்கா கணக்குக் கூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

உபதேசியாரோ நீண்ட பெருமூச்சு விட்டார். கலங்கிய தாயையும் கண்ணை மூடிய மகளையும் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"கர்த்தாவே, ஒரு தாய் தன் வாயாலேயே தன் மகளைப் பாவி என்று அறிக்கையிட்டு அழுகிறாளே. இந்த வாலிப மகள் வழிவிலகிப் போன பாதை எதுவென்று நீர் அறிவீர். நாங்கள் கேட்கமாட்டோம். அந்தச் சிநேகத்தின் கண்ணியிலிருந்து இவளை விடுவியும்."

பாயிலிருந்து ஆமென்கள் வந்தன. முதலில் தயக்கமாக, பிறகு ஆவலாக. எதை அறிக்கையிட்டோம் என்று தெரியாத ஓமனா ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். லிஜாவும் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள்.

பழம்பொரியும் சாயாவும் கொடுக்கும்போது ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் லிஜாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். ஷிஜி அக்கா மட்டும் வாசலில் செருப்பைத் தேடியபடி கேட்டாள்.

"என்ன பாவமாக்கும் செஞ்ச?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா அந்த மனுசன் அந்தப் பாடு பட்டாரு?"

லிஜா சிரித்து வைத்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லில் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் ரைட் ஃபீல்டும் தீர்ந்துவிடும்.

அடுக்களையில் ஓமனா போனைக் கையில் எடுத்துவிட்டாள். "உபதேசியார விளிச்சு சொல்லப்போறேன். நான் கேட்டது என்ன, அவரு ஜெபிச்சது என்ன?"

"வேண்டாம் அம்மா. விடு."

"எப்படி விடுவேன்? நாளைக்குப் பாறசாலை வரைக்கும் போவும். விஜயம்மா சாயா குடிக்காமலே எழும்பிப் போனா, கண்டியா? அவ சாயாவ விடுற ஆளா?"

"சனிக்கிழமை வரைக்கும் விடு. அக்காக்குத் தெரிஞ்சா எனக்க எடம் போச்சு."

"எட்டீ, பாவின்னு பேரு வாங்கியா ஒருத்தி பந்து பிடிக்கணும்?"

வாசற்படியில் டெம்போவின் சீட் உறையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா சுந்தரதாஸ் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஜெர்மனியில இந்த விளையாட்டு உண்டா மக்கா?"

"உண்டுன்னு கேட்டேன் அப்பா. ஆனா கொறவாக்கும்."

"இங்கயும் கொறவுதானே," என்று அவர் மீண்டும் துடைக்கப் போய்விட்டார்.

விஜயம்மா சாயாவை வீணாக விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பாவத்துக்கு ஓர் ஆளும் கிடைத்துவிட்டான். பாறசாலையில் மொபைல் கடை வைத்திருக்கும் பினு. லிஜா ஒரு தடவை அங்கே போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனாள், அது போதுமாயிருந்தது. பினுவும் சும்மா இருக்கவில்லை. "நான் அறியாம எனக்க கல்யாணம் முடிஞ்சு போச்சா? சாப்பாடு உண்டா?" என்று செய்தி அனுப்பியிருந்தான்.

டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அமிர்தா போனில் கூப்பிட்டாள். மைதானத்தை ஒட்டிய மரச்சீனித் தோட்டம் அவள் அப்பா செல்லசாமியுடையது. விழுந்த பந்துகளை எடுத்துக் கொடுக்க வேலி தாண்டி வந்து வந்து, கடைசியில் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டவள் அமிர்தா. அந்தப் பழக்கம்தான் அவளை இன்னும் ஓட வைக்கிறது என்று லிஜாவுக்குத் தோன்றும்.

"அக்கா, நான் ஒருத்திய நல்லா ஏசி விட்டேன்."

"ஆர?"

"ஸ்டாப்புல ஒரு சேச்சி. ஒங்களப் பத்தி ஒண்ணு சொல்லிச்சு. லிஜா அக்காக்கு அப்படி ஒண்ணும் கிடையாது, இருந்தா எனக்கிட்ட சொல்லியிருக்கும்னு சொன்னேன்."

"நீ எதுக்குடீ போற?"

"பின்ன? நாளைக்கு நான் ஒங்கள ஜெயிச்சு அந்த எடத்த எடுக்கப் போறவ. அது வரைக்கும் ஒருத்தி ஒங்கள ஒண்ணும் சொல்லப்பிடாது."

லிஜா நெட்வொர்க் போய்விட்டது என்று பொய் சொல்லிக் கட் செய்தாள். அந்த வாரத்தின் இரண்டாவது பொய்யா, மூன்றாவதா என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதையும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு பயிற்சி. தொடங்குமுன் படிக்கட்டில் மீண்டும் அதே விவாதம். இந்தத் தடவை எல்லார் முன்னாலும். சார் பெயர் அனுப்ப வேண்டிய போனைக் கையில் வைத்திருந்தார்.

"ஷிஜி, நான் ஒரு காரியம் கேட்டேன். லிஜாக்கு ஏதோ கல்யாண விசயம் உண்டாம். கெட்டிச்சு போனா பின்ன என்ன பாவி?"

"அதுனாலதான் சாரே நான் லிஜான்னு சொல்லுகேன்."

"எங்கன?"

"பையன் ஆரு? பினு. கட எங்க? பாறசாலையில. இவ அவன கெட்டினா எங்கோட்டும் போகமாட்டா. காலத்துக்கும் இங்கதான். அமிர்தாவ கெட்டிச்சு குடுக்கப்போறது எங்கன்னு ஆருக்குத் தெரியும்? லிஜாக்க பாவமாக்கும் நம்ம டீமுக்க பாவி."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். சிரிப்பினூடே தலையாட்டினார். "அது ஒரு பாயிண்டாணு," என்று போனைத் திறந்தார்.

லிஜா அந்தப் போனையே பார்த்தாள். சும்மா நின்றால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும், ஜெர்சி வந்துவிடும்.

"சாரே, அது இல்ல," என்றாள் அமிர்தா.

"என்னது?"

"லிஜா அக்காக்கும் பினு அண்ணனுக்கும் ஒண்ணும் கிடையாது. எடம் அக்காக்குக் குடுக்கணும்னா கைக்கு வேண்டி குடுங்க. இந்தக் கதைக்கு வேண்டி குடுக்காதீங்க. எனக்குக் கிடைக்கல்லன்னாலும் செரி."

"நீ சும்மா இரி," என்றாள் ஷிஜி அக்கா. "ஒனக்கு என்ன தெரியும்? லிஜா, நீ சொல்லு. பினு உண்டா இல்லியா?"

லிஜா தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோல் தேய்ந்து உள்ளங்கை நிறமாகியிருந்தது.

"இல்ல அக்கா. அம்மா ஜெபிக்கச் சொன்னது பாவிக்கு. மலையாளத்துல உள்ள பாவி. உபதேசியாருக்குத் தமிழ்ப் பாவி மட்டும்தான் தெரியும்."

"எந்து பாவி?" என்றார் சார்.

"ஜெர்மனி. பரீட்சை பாஸாயாச்சு. வேலை செரியாச்சு. விசா வரணும். மழை கழிஞ்சு வரும்னு சொல்லுதாவ."

முதலில் சிரித்தது மோகனன் சார்தான். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ அந்த மனுசன் அத்தர நேரம் ஜெபிச்சது?" என்று கேட்டு மறுபடி சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷிஜி அக்கா சிரிக்கவில்லை.

"நான் கேட்டேன்லா. சார் முன்னால வச்சு கேட்டேன். வெளிய போற எண்ணம் உண்டான்னு."

"கேட்டிய அக்கா."

"இல்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்போ உபதேசியாரு தப்பா ஒண்ணும் ஜெபிக்கல்ல."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. லிஜா தலையசைத்தாள்.

சார் போனில் எழுத்துகளைத் தடவித் தடவிப் பெயரை அடித்தார். "அமிர்தா. செல்லசாமி மகள். போயாச்சு," என்றார். அமிர்தா குதிக்கவில்லை. கையைப் பாவாடையில் துடைக்கிறவள்போல டிராக் சூட்டில் துடைத்துக்கொண்டு லிஜாவிடம் கேட்டாள்.

"அப்போ அக்கா போற வரைக்கும்?"

"போற வரைக்கும் என்ன?" லிஜாவுக்குப் பதிலாகச் சொன்னது ஷிஜி அக்கா. எழுந்து மட்டையை எடுத்துக்கொண்டாள். "சும்மா நிக்கவா வாறது? முதல் பேஸுல ஆளில்ல. அங்க போய் நில்லு. ஓட வேண்டாம், எறிய வேண்டாம். வாறத பிடிச்சா போரும்."

"அக்கா, எனக்கிட்ட கோவமா?"

"உண்டு. போய் நில்லு."

லிஜா போய் நின்றாள். இவ்வளவு காலம் தூரத்திலிருந்து பார்த்த பேஸ் இப்போது காலடியில் இருந்தது. ஷிஜி அக்கா ஒற்றைக் கையால் பந்தைத் தட்டிவிட்டாள். நடுவில் நின்றவள் குனிந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாள். லிஜா பிடித்தாள். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மரச்சீனி ஓரத்திலிருந்து தடதடவென்று ஒரு ஓட்டம். திரும்பிப் பார்த்தாள். அமிர்தா மூச்சு வாங்க நின்று, வெறுங்கையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த பந்து. பிடித்தாள். தடதட. அடுத்தது. தடதட. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்த லிஜா, கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். தான் ரைட் ஃபீல்டில் நின்ற நாட்களில் முதல் பேஸில் நின்றவள் எத்தனை தடவை இப்படித் திரும்பிப் பார்த்து, ஒருவரையும் காணாமல் நின்றிருப்பாள் என்று நினைத்தாள்.

நிழல் நீண்டு பந்து கண்ணுக்கு மங்கத் தொடங்கிய நேரம், ஓர் எறிவு முன்னாலேயே தரையில் குத்தி, தாழ எகிறி வந்தது. லிஜா கையை இறக்குமுன் கையுறைக்கு அடியில் புகுந்து பின்னால் போய்விட்டது. அவள் பதறவில்லை. தடதடவென்ற சத்தம் வந்து நின்றது, பந்து தோலில் விழும் சத்தம் கேட்டது, அவள் தலைக்கு மேலாகவே அது இரண்டாம் பேஸுக்குப் பறந்தது.

"அமிர்தாக்க கையும் தேவலாம்," என்றார் சார், படிக்கட்டிலிருந்து.

ஷிஜி அக்கா அடுத்த பந்தை எடுத்துக்கொண்டு முதல் பேஸைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் முதல் தடவையாக அவள் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

"பாவி, கைய தாழ்த்தி வைய்யி," என்றாள்.

எந்தப் பாவி என்று சொல்லவில்லை. லிஜா முழங்காலை மடக்கி, கையுறையைத் தரையோடு சேர்த்து வைத்தாள். பின்னால் அமிர்தா தன் இடத்துக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.